ஊசி முனையில் ஒளிந்திருக்கும் நோய்

 

பச்சை குத்திக்கொள்வது நம் இல்லங்களில் வழக்கமில்லாத ஒன்று. பெருநாளுக்கும் திருமணத்திற்கும் கை நிறைய மருதாணி இட்டு மகிழும் நம் பெண்மக்கள், தோலைத் துளைத்து நிறமேற்றும் பழக்கத்தை அண்டவிட்டதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பச்சை குத்திவிடுவதையும் குத்திக்கொள்வதையும் கடுமையாகக் கண்டித்துள்ளார்கள் என்பதும், புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் அந்த நபிமொழிகள் பதிவாகியுள்ளன என்பதும் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆகவே, ‘இதைப் பற்றி நமக்கென்ன?’ என்று இப்பக்கத்தைப் புரட்டிவிடச் சிலர் எண்ணக்கூடும். அருள்கூர்ந்து சற்றே நின்று படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஏனெனில் காலம் மாறிவிட்டது. முன்பு ஊர்ச் சந்தையிலும் திருவிழாத் திடலிலும், விளக்குக் கரியைக் குழைத்து ஊசியால் குத்திவிட்ட பச்சை, இன்று ‘டாட்டூ’ என்னும் புதுப்பெயருடன் கடைவீதிகளிலும் வணிக வளாகங்களிலும் கண்ணாடி அறைகளில் குடியேறிவிட்டது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும், வெளியூரில் வேலை பார்க்கும் வாலிபர்களும் நண்பர்களின் தூண்டுதலால் அங்கே சென்றுவிடுகிறார்கள். நம் பிள்ளைகளும் அதற்கு விலக்கல்லர். ஊருக்கு வரும்போது முழுக்கைச் சட்டையால் அதை மூடிக்கொள்கிறார்கள். என்றேனும் ஒருநாள் உளூச் செய்ய முழங்கை வரை சட்டையை மடக்கும்போது அது வெளிப்பட்டுவிடுகிறது. அன்று அந்த வீட்டில் புயல் வீசுகிறது.

“ஹஜ்ரத், மகன் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து நிற்கிறான். அவனுடைய உளூ கூடுமா? தொழுகை நிறைவேறுமா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு. ‘குத்திய ஊசி தூய்மையானதா? பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?’ என்பதே அது. இந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்பது அரிது. இம்மாதக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

தோலுக்கு அடியில் நடப்பது என்ன?

மருதாணியின் நிறம் தோலின் மேற்பரப்பில் மட்டுமே படிகிறது. அந்த மேற்பரப்பு உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் சில வாரங்களில் நிறமும் மறைந்துவிடுகிறது. பச்சை குத்தும்போதோ ஊசியானது மேல்தோலைக் கடந்து, இரத்த நாளங்கள் ஓடும் உள்தோல் வரை செல்கிறது. அங்கே மையை விட்டுவிட்டு வெளியே வருகிறது. இன்றைய மின்கருவிகளில் ஊசி நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு குத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் ஊசியில் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஊசி மீண்டும் மைக்கிண்ணத்தில் தோய்க்கப்படும்போது, ஒட்டிய இரத்தம் மையிலும் கலந்துவிடுகிறது.

இவ்விடத்தைக் கவனமாக நோக்க வேண்டும். அடுத்து வருபவருக்கு ஊசியை மாற்றிவிட்டாலும், முந்தியவருக்குப் பயன்படுத்திய அதே கிண்ணத்து மையைத் தொட்டுக் குத்தினால் முன்னவரின் இரத்தம் பின்னவரின் உடலுக்குள் போய்ச் சேரும். ‘புது ஊசிதான் போட்டார்கள்’ என்று பிள்ளைகள் சொல்லும் சமாதானம் பாதி சமாதானமே. மை எங்கிருந்து வந்தது, கருவியின் பிடி தூய்மை செய்யப்பட்டதா, குத்தியவர் புதிய கையுறை அணிந்திருந்தாரா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும்.

ஓசையின்றி வரும் நோய்

இவ்வாறு இரத்தத்தின் வழியே பரவும் நோய்களுள் ஒன்று ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் அழற்சி. எய்ட்ஸ் நோயின் கிருமியும், ஹெபடைடிஸ் பி கிருமியும் இதே வழியில் பரவக்கூடியவையே. ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. நம் குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. ஹெபடைடிஸ் சி நோய்க்கு இதுவரை தடுப்பூசி இல்லை.

இக்கிருமி கண்டுபிடிக்கப்பட்டதே 1989ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்குக் காரணம் தெரியாத கல்லீரல் நோய் வருவதை மருத்துவர்கள் கண்டு, ஏ வகையும் அன்று, பி வகையும் அன்று என்றே அதற்குப் பெயரிட்டிருந்தனர். இக்கிருமியைக் கண்டறிவதற்கு உழைத்த ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கல்லீரல் நோய் என்றதும் நம் மக்கள் மஞ்சள் காமாலையை நினைக்கிறார்கள். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளிப்பதில்லை, காய்ச்சலும் வருவதில்லை. பத்துப் பேரில் மூவர் அளவிலானோருக்கு ஆறு மாதத்திற்குள் கிருமி தானாகவே நீங்கிவிடுகிறது. எஞ்சிய எழுவருக்கு அது கல்லீரலில் நிலைத்துத் தங்கிவிடுகிறது. அவர்கள் உண்கிறார்கள், உழைக்கிறார்கள், மணமுடிக்கிறார்கள், பிள்ளைகளைப் பெறுகிறார்கள். உள்ளே கல்லீரல் சிறிது சிறிதாகத் தழும்பேறிக் கெட்டியாகிக்கொண்டே வருகிறது. இருபது ஆண்டுக் காலத்தில், நோய் நிலைத்துவிட்டவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்குக் கல்லீரல் சுருங்கிச் செயலிழக்கும் நிலை உருவாகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறுகிறது. வயிற்றில் நீர் கோத்தும், இரத்த வாந்தி எடுத்தும் மருத்துவமனைக்கு வரும்போது, இருபது வயதில் விளையாட்டாகக் குத்திக்கொண்டதை யார் நினைவில் வைத்திருப்பார்?

2022ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்றும், அவர்களில் சுமார் 55 லட்சம் பேர் இந்தியாவில் இருந்தனர் என்றும் அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. தமக்கு இந்நோய் இருப்பதையே அறியாதவர்கள் அவர்களில் மிகப் பலர்.

ஆபத்து எங்கே அதிகம்?

எதையும் மிகைப்படுத்திச் சொல்வது அறிவுக்கு அழகன்று. பச்சை குத்திக்கொண்ட எல்லோருக்கும் இந்நோய் வந்துவிடுவதில்லை. உலகெங்கும் இந்நோய் பரவுவதற்குப் பெருங்காரணங்கள் மூன்று: போதை ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்வது, மருத்துவ ஊசிகளைத் தூய்மை செய்யாமல் திரும்பப் பயன்படுத்துவது, பரிசோதிக்கப்படாத இரத்தத்தை ஏற்றுவது. பச்சை குத்துதல் அவற்றுக்கு அடுத்த வரிசையில் உள்ளது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், முதுகெலும்பு நோய்க்காக மருத்துவரிடம் வந்த 626 பேரைச் சோதித்து 2001ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. பச்சை குத்தியிருந்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றின் அடையாளம் இரத்தத்தில் இருந்தது. குத்தாதவர்களிடம் அது நூற்றுக்கு நான்கைக்கூட எட்டவில்லை. பின்னர் 2012ஆம் ஆண்டில், அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒருசேர ஆராய்ந்த அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அறிஞர்கள், முறையாகத் தூய்மை பேணும் கடைகளில் குத்திக்கொள்வதால் ஆபத்து கூடுகிறது என்பதற்குத் தீர்மானமான சான்று இல்லை என்றனர். ஆனால் சிறைக்கூடங்களிலும், நண்பர்களின் அறைகளிலும், தொழில் பயிலாதவர் கையாலும் குத்திக்கொள்வோருக்கு ஆபத்து தெளிவாகவே அதிகம் என்று எழுதினர்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நோயைத் தருவது இரத்தம் படிந்த கருவி. அதைத் தூய்மை செய்யாத இடம் எதுவோ அதுவே ஆபத்தான இடம். நம் நாட்டில் குறைந்த காசுக்குக் குத்திவிடும் சாலையோரக் கடைகளும், திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்திவிடும் தற்காலிகக் கடைகளும், விடுதி அறையில் நண்பன் விளையாட்டாகக் குத்திவிடுவதும் அத்தகைய இடங்களாகின்றன. உலர்ந்த இரத்தத் துளியிலும் இக்கிருமி பல நாட்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லது. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைப்பதோ, ஊசியை நெருப்பில் ஒரு நொடி காட்டுவதோ போதாது. அழுத்த நீராவிக் கருவியில் 121 பாகை வெப்பத்தில் கால் மணி நேரமேனும் வைத்தெடுக்க வேண்டும். அல்லது ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிடும் கருவியாக இருக்க வேண்டும்.

மிஸ்ரு நாடு தரும் பாடம்

தூய்மை பேணாத ஊசி ஒரு சமுதாயத்தையே என்ன செய்யும் என்பதற்கு, பச்சை குத்துதலோடு தொடர்பில்லாத, ஆயினும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு சான்று மிஸ்ரு நாட்டில், அதாவது எகிப்தில் உள்ளது. நைல் நதிக்கரை உழவர்களை நெடுங்காலமாக வாட்டிய நத்தைப் புழு நோயை ஒழிக்க, 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அந்நாட்டு அரசு கிராமம் கிராமமாக ஊசி மருந்து போட்டது. நோக்கம் நன்று. ஆனால் அன்று கண்ணாடிச் சிரிஞ்சுகளே இருந்தன. சரிவரக் கொதிக்க வைக்கப்படாத ஒரே சிரிஞ்சால் பலருக்கும் மருந்து ஏற்றப்பட்டது. புழு நோய்க்கு மருந்து போட்டுக்கொண்ட மக்கள், அப்போது பெயர்கூட இல்லாத ஹெபடைடிஸ் சி நோயை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினர். 2008ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கில், 15 முதல் 59 வயது வரையிலானோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரிடம் இத்தொற்றின் அடையாளம் காணப்பட்டது. அந்நாளில் உலகிலேயே மிக அதிகமான விகிதம் அதுவே.

அந்த நாடு அதன்பின் செய்ததுதான் நமக்குப் பாடம். 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை, ஏழே மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. ‘உனக்கு இது எப்படி வந்தது?’ என்று குற்றம் சுமத்தும் விசாரணை நடத்தப்படவில்லை. கிருமி இருந்தவருக்கு இலவசமாக மாத்திரை கொடுக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில், இந்நோயை ஒழிக்கும் பாதையில் மிக உயர்ந்த படியை எட்டிய முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எகிப்தைப் பாராட்டியது.

நம் வீட்டுக் கத்தியும் பிளேடும்

‘எங்கள் வீட்டில் எவரும் பச்சை குத்தவில்லை’ என்று நிம்மதி அடைபவர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தோலைக் கீறும் கருவி எதுவாயினும் விதி ஒன்றே. பெண் குழந்தைக்குக் காது குத்தும் ஊசி, ஆண் குழந்தைக்குச் சுன்னத் செய்யும் கத்தி, ஹிஜாமா என்னும் இரத்தம் குத்தி எடுக்கும் சிகிச்சையில் கீறும் பிளேடு, முகம் மழிக்கும் சவரக்கத்தி ஆகிய ஒவ்வொன்றும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இரத்தத்தைச் சுமந்து செல்லக்கூடியதே. ஹிஜாமா சுன்னத்தான வைத்தியம் என்பதால் அதன் பிளேடுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு உண்டு என்று எண்ணிவிடலாகாது. ‘புதிய பிளேடை என் கண்முன்னே உறை பிரித்து எடுங்கள், கிண்ணங்களும் புதியவையா?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ஹஜ்ஜின்போது மினாவில் தலைமுடி களையும் ஹாஜிகள், தகுதி பெற்ற நாவிதரிடம் புதிய பிளேடைக் கொண்டே மழித்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தப்படுவதும் இக்காரணத்தாலேயே. வீட்டிலும் ஒருவரின் சவரக்கத்தி, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றை மற்றவர் எடுத்தாளக் கூடாது.

அதே வேளையில், தேவையற்ற அச்சமும் கூடாது. ஒரே சஹனில் அமர்ந்து உண்பதாலோ, ஸலாம் கூறிக் கைகொடுப்பதாலோ, கட்டித் தழுவுவதாலோ, ஒரே தொழுகை விரிப்பில் ஸுஜூது செய்வதாலோ, இருமல் தும்மலாலோ ஹெபடைடிஸ் சி பரவாது. தாய்ப்பாலாலும் பரவாது. நோயுற்ற தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஐந்து, ஆறு என்ற அளவில் உள்ளது. கணவன் மனைவியரிடையே பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே இந்நோய் உள்ளவருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்து ஒதுக்குவது அறியாமை மட்டுமன்று. ஒரு சகோதரரின் உள்ளத்தைப் புண்படுத்தும் செயலுமாகும்.

மருந்து இருக்கிறது

இந்நோயின் வரலாற்றில் மிக மகிழ்ச்சியான பகுதி இது. முன்னாளில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலும் சோர்வும் வாட்டியெடுக்கும். அவ்வளவு துன்பத்திற்குப் பின்னும் பலருக்குக் கிருமி நீங்காது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் சோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அங்கே அதன் விலை மாத்திரை ஒன்றுக்கு 1000 டாலர்! பின்னர் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று அதே மருந்தை மிகக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கின. இன்று இத்தகைய மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரங்கள் உட்கொண்டால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமடைகிறார்கள். 2018ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசமாக வழங்கப்படுகின்றன.

பச்சை குத்திக்கொண்டவர் செய்ய வேண்டியது எளிது. குத்தி மூன்று மாதம் கடந்ததும் ஹெபடைடிஸ் சி நோய்க்கான எதிர்ப்புப் பொருள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கிருமி உடலில் புகுந்த முதற் சில வாரங்களில் இச்சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே ஐயம் இருப்பின் ஆறாம் மாதம் மீண்டும் ஒருமுறை செய்வது நன்று. அதில் தொற்றின் அடையாளம் தெரிந்தால், கிருமி இப்போதும் இரத்தத்தில் உள்ளதா என்று அறிய இரண்டாவது சோதனை ஒன்று உண்டு. அதையும் செய்யாமல் முடிவுக்கு வரக் கூடாது. ஏனெனில் கிருமி தானாக நீங்கியவருக்கும், மருந்தால் குணமடைந்தவருக்கும்கூட முதற்சோதனை ஆயுள் முழுதும் தொற்றின் அடையாளத்தைக் காட்டிக்கொண்டே இருக்கலாம். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரின் மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பார்க்கப்படுகின்றன. பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்த நிலையில், அங்கேதான் முதன்முதலாகத் தம் நோயை அறிந்து இடிந்துபோகும் வாலிபர்கள் உண்டு. முன்னரே சோதித்திருந்தால் முன்னரே மருந்து உண்டிருக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

தொழுகையைப் பற்றிய கேள்விக்கு வருவோம். குத்திய பச்சையை உடலுக்குத் தீங்கின்றி அகற்ற இயலுமாயின் அகற்ற வேண்டும். அகற்றுவதால் தீங்கு நேருமென்றால் மனம் வருந்தித் தவ்பாச் செய்வதே போதும் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். இதன் நுட்பங்களை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் கோபத்தில் அமிலத்தை ஊற்றியும், சுண்ணாம்பைத் தேய்த்தும், சுட்டும் அதை அழிக்க முற்படாதீர்கள். புண்ணும் தழும்புமே மிஞ்சும். தோல் மருத்துவரிடம் லேசர் ஒளியால் அகற்றும் முறை உண்டு.

தடை செய்யப்பட்ட ஒன்றைப் பிள்ளை செய்துவிட்டால் கண்டிப்பது பெற்றோரின் கடமை. அதை நான் மறுக்கவில்லை. எனினும் நம் கண்டிப்பு எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதையும் சிந்திக்க வேண்டும். வீட்டுக்குத் தெரிந்தால் அடி விழும், ஜமாஅத்தில் பேச்சாகும், தங்கையின் மணப்பேச்சு தடைப்படும் என்று அஞ்சும் பிள்ளை, கையை மட்டும் மறைப்பதில்லை. குத்திய இடம் சீழ் பிடித்தாலும் சொல்லாது. இரத்தம் சோதிக்கவும் போகாது. ஓசையின்றி வளரும் நோய்க்கு இதைவிட வசதியான மறைவிடம் வேறு இல்லை. அவ்வாறே, இஸ்லாத்தைத் தழுவி நம்முடன் ஸஃப்பில் நிற்கும் சகோதரர்களின் கைகளிலும், மூதாட்டியரின் கைகளிலும் முன்னாளில் குத்திய பச்சை இருக்கும். அதை உற்றுப் பார்த்து அவர்களைக் கூசச் செய்வது நமக்குத் தகாது. பரிவுடன் பேசி, இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதே சகோதரத்துவம்.

ஆகவே, அன்பிற்குரிய பெற்றோரே! உங்கள் மகனோ மகளோ பச்சை குத்திக்கொண்டதாக அறிந்தால், கண்டிப்பை ஒருநாள் தள்ளி வையுங்கள். முதலில் எங்கே குத்தினாய், எப்போது குத்தினாய், உன்னோடு யார் யார் குத்திக்கொண்டார்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். உரிய காலத்தில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உடன் குத்திக்கொண்ட நண்பர்கள் எந்தச் சமயத்தவராயினும் அவர்களுக்கும் செய்தியைச் சொல்லுங்கள். அவர்களும் ஒரு தாயின் பிள்ளைகளே. நோய்க்கு மருந்து தேடுமாறு நமக்குக் கற்றுத்தந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். மருந்து வந்துவிட்ட நோய்க்கு, வெட்கத்தின் காரணமாக ஒரு பிள்ளையை நாம் இழந்துவிடக் கூடாது.

நம் சந்ததிகளை வல்ல அல்லாஹ் தீய பழக்கங்களிலிருந்தும் கொடிய நோய்களிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.